அட்மின் ராஜபாய் நீக்கிய செய்தி

ரெம்யா அனுப்பிய செய்தியை அழித்தது நான்தான். கை தவறி அழிக்கவில்லை, போன் கோளாறும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை வாசித்துவிட்டு, விரலை அழுத்தித்தான் அழித்தேன். 'அட்மின் ராஜபாய் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்' என்று அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு வரி நிற்கிறது. எண்பத்துநான்கு பெண்கள் அதைப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள ரெம்யா வஞ்சியூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தபோது, அந்த வரிதான் அவளுக்குக் குறுக்கே வந்து நின்றது.

முதலிலிருந்து சொன்னால்தான் சரிப்படும்.

நான் முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆபீசில் இருந்தவள். டைப்பிஸ்டாக நுழைந்து சூப்பிரண்டாக வெளியே வந்தேன். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஃபைல் மூன்று மேசைக்குத் திரும்பி வரும் என்று பார்த்துப் பழகியவள். மேலதிகாரிகள்கூடக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "ராஜபாய் மேடம் பார்த்தாச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லை என்று நடிக்கப்போவதில்லை. ரிட்டையரான பிறகு அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழு கிடைத்தது.

எங்கள் சபை ஆரியசாலைக்குப் பின்பக்கம். பெயர் தமிழ்ச் சபை, வாசலில் நின்று கேட்டால் பாதிக்கு மேல் மலையாளம். பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் கடை போட்டவர்கள், உத்தியோகத்துக்கு வந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், எல்லாரும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்களின் உபவாச ஜெபம். முன்பெல்லாம் வாசல் பக்கம் ஒரு பெட்டி வைத்திருப்போம். எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். சிலர் ஒன்றுமே எழுதாமல் வெறும் தாளை மடித்துப் போடுவார்கள். வெறும் தாள் வந்தால், 'எழுதாத விண்ணப்பம் ஒன்று' என்று வாசிக்க வேண்டும். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மற்ற விண்ணப்பங்களுக்கு எப்படி முழங்கால் போட்டோமோ அப்படியே அதற்கும் போட வேண்டும். நான் கல்யாணமாகி இந்தச் சபைக்கு வருவதற்கு முன்பே உள்ள வழக்கம் அது.

பெட்டியை எடுத்துவிட்டு வாட்சப் குழு ஆரம்பித்தது நான். புதன்கிழமைக்குள் எல்லாரும் விண்ணப்பத்தைக் குழுவில் போட்டுவிடவேண்டும். நான் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை சத்தமாக வாசிப்பேன். நல்ல ஏற்பாடு என்று பாஸ்டர் ஜெபசிங்கே பாராட்டினார்.

ஏற்பாடு நல்லதுதான், எழுதினவர்கள் எழுதினது அப்படி இல்லை. அம்மம்மா! பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார்கள். எண்ணை எழுத்தாக்குவார்கள், எழுத்தை எண்ணாக்குவார்கள். எங்கே வாக்கியம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் தலை கிறுகிறுத்துவிடும். ஒருநாள் காலை ஜினி என்கிற பெண் எழுதினாள். முதலில் 'மம்மி'. பிறகு ஆங்கிலத்தில் டி, ஒரு சாய்ந்த கோடு, சி. பிறகு 'டுடே லெவன்'. அவள் அம்மா பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். டி என்றால் டெத், சி என்றால் செமித்தேரி, பதினோரு மணிக்கு அடக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டேன். என்னைப் பார்த்து நாற்பது பேர் போட்டார்கள். பாஸ்டர் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, தன் சாவுக்கு யார் யார் வருத்தப்பட்டார்கள் என்று மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். அடுத்த ஞாயிறு சபை வாசலில் பிந்துவைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பது பேரு போட்டினும் பிந்து. நீ மட்டும் ஒரு மெழுகுதிரி படம்கூட போடல்லியே. எனக்கு மனசிலாச்சு."

"நான் அடக்கத்துக்கு நேரிட்டு வரலாம்னு இருந்தேன் அக்கா" என்றாள் பிந்து. வாசலே சிரித்தது.

பிந்து என் சிநேகிதி. ஒரே பெஞ்சில் இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். என் ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் என்னோடு கிடந்தவள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே சட்டம் போட்டேன். முழு வார்த்தையாக எழுத வேண்டும். யாருக்காக, என்ன காரியம் என்று பெயரோடு சொல்ல வேண்டும். வாக்கியம் முடிந்தால் ஒரு முற்றுப்புள்ளி, ஒன்றே ஒன்று. ஒற்றை எழுத்தெல்லாம் ஆகாது. இப்படி இல்லாத செய்தியை அட்மின் நீக்கிவிடுவார், திருத்தி மறுபடி போட வேண்டும்.

என் வீட்டுக்காரர் சத்தியதாஸ் சாலைக் கடைத்தெருவில் பெயின்டும் ஆணியும் கயிறும் விற்கிறவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரிடம் சட்டத்தை வாசித்துக் காட்டினேன்.

"உனக்கு ரிட்டையர்மென்ட் ஆர்டர் கையில கிட்டல்லியா?" என்றார். "ஆண்டவருக்குக் காற்புள்ளி இல்லேன்னா மனசிலாவாதோ?"

"ஆண்டவருக்கு மனசிலாவும். வாசிக்கிற எனக்கு மனசிலாவாண்டாமா?"

"செரி சூப்பிரண்டே" என்று சொல்லிவிட்டு மீன்முள்ளை எடுக்கத் தொடங்கினார்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமே, சட்டம் வேலை செய்தது. இரண்டே மாதத்தில் குழு ஒழுங்குக்கு வந்துவிட்டது. 'என் மகன் மகேஷுக்கு ஒன்பதாம் தேதி நேர்முகத் தேர்வு. ஜெபித்துக்கொள்ளவும்.' பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. வேறு இரண்டு சபைக்காரிகள் என் சட்டத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். வெறும் தாளுக்கு மட்டும் இனி வழியில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை, நான் நினைக்கவும் இல்லை.

ரெம்யா பிந்துவின் மருமகள். ஊர் வித்துரா. பொன்முடிப் பாதையில் அவள் அப்பா ஜீப் ஓட்டுகிறார். படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழ் பேசுவாள், எழுத வராது. செய்தி போட்டால் ஆங்கில எழுத்தில்தான் போடுவாள், அதுவும் அரையும் குறையுமாக. பிந்துவின் மகன் விபின் எங்கள் பாடகர் குழுவின் தலைவன். கிறிஸ்மஸ் ஆராதனையில் அவன் தனியாகப் பாடினால், வெளியே ஆட்டோக்காரர்கள்கூட வண்டியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, ஜினு. அழகான குடும்பம் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். மூன்று மணி இருக்கும். ரெம்யாவிடமிருந்து குழுவில் ஒரு செய்தி. 'ப்ளீஸ்' என்பதற்கு மூன்று எழுத்து, 'ப்ரே' என்பதற்கு இரண்டு எழுத்து. பிறகு 'ஆர்' என்று ஒரே ஒரு ஆங்கில எழுத்து. அதற்குப் பின்னால் நான்கு புள்ளிகள். அவ்வளவுதான்.

நான் கீழே எழுதினேன்: 'ரெம்யா, ஆர் என்பது யார்? இந்தக் குழுவில் ஆர் என்ற எழுத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம், என்னையும் சேர்த்து. ஒரு வாக்கியத்துக்கு ஒரு புள்ளி போதும், நான்கு எதற்கு? என்ன காரியம் என்று புரியவில்லை. தெளிவாக எழுதவும்.'

உடனே சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்தன. ஜினி மூன்று மூஞ்சி போட்டாள். 'அன்னைக்கு மம்மியைக் கொன்னது மாதிரி ஆக்கிடாதே பிள்ளே' என்று ஒருத்தி எழுதினாள். பிந்துவும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு, 'யாரு மோளே ஆர்? நம்ம வீட்டுலயா?' என்று கேட்டாள்.

பிறகு ரெம்யா எழுதினாள்: 'சாரி ஆன்டி. ஒண்ணும் இல்ல.'

சட்டம் சட்டம்தானே என்று நான் அவளுடைய முதல் செய்தியை நீக்கினேன். அந்த வெள்ளிக்கிழமை அவள் ஜெபத்துக்கு வரவில்லை. குழந்தைக்குச் சளி என்று பிந்து சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை ரெம்யாவின் நம்பரிலிருந்து அழகான தமிழில் ஒரு செய்தி வந்தது. 'என் கணவர் விபினுக்கு வேலையில் உயர்வு கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பம் சமாதானமாக இருக்கிறது. ஆண்டவருக்கு நன்றி செலுத்தவும்.' மூன்று வாக்கியம், மூன்று முற்றுப்புள்ளி. நான் ஐந்து கைதட்டல் போட்டேன். 'பார்த்தீர்களா, இப்படித்தான் எழுத வேண்டும். ரெம்யாவைப் பார்த்து எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை அதைத்தான் முதலில் வாசித்தேன். பிந்து முகம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ரெம்யா பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் விஷயம் வெடித்தது. விபின் அறைந்ததில் ரெம்யாவின் இடதுகாதுச் சவ்வு கிழிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மலையாளிப் பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். விவரம் தெரிந்து வித்துராவிலிருந்து அவள் அப்பா ஜீப்பில் வந்து, மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ரெம்யா புகார் கொடுத்தாள். விபின் பக்கத்தில், அவள் படியில் வழுக்கி விழுந்தாள், புத்தி சரியில்லாமல் பொய் சொல்கிறாள், பிள்ளையை எங்களிடம் தர வேண்டும் என்று மனுப் போட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் பிந்து என் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்க மோன் அப்படிப்பட்டவனா அக்கா? சொல்லு. நீ அவனைச் சின்னதுல இருந்தே பார்த்தவ அல்லே?"

நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் கையிலிருந்த போனை எடுத்துக் குழுவைக் காட்டினாள். மார்ச் மாதத்து நன்றிச் செய்தி, அதன் கீழே என் கைதட்டல்கள்.

"வக்கீல் சொன்னாரு, இது ஒண்ணே போதும்னு. குடும்பம் சமாதானமா இருக்குன்னு அவளே எழுதியிருக்கா. ஆனா இதுக்கு மேல ஒண்ணு நீ அழிச்சிருக்கே, அதை ரெம்யா பக்கத்துக்காரங்க பிடிச்சுக்கிட்டினும். நான் அப்பவே உதவி கேட்டேன், எனக்க செய்தியை அழிச்சுட்டினும்னு அவ சொல்லுகா. நீ ஒரு லெட்டர் எழுதித் தா அக்கா. அந்தச் செய்தியில அவ குறை ஒண்ணும் எழுதல்ல, முறையா எழுதாததுனால எடுத்தேன், அவ்வளவுதான்னு. பொய் ஒண்ணும் எழுதாண்டாம்."

பொய் ஒன்றும் இல்லைதான். அந்தச் செய்தியில் ஒரு குறையும் எழுதியிருக்கவில்லை. நான் அதை நீக்கினதும் சட்டப்படித்தான். பிந்து அழுத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல தாளாக எடுத்து, மார்ஜின் மடித்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். 'மேற்படி செய்தியில் எவ்விதக் குறையோ புகாரோ இல்லை என்றும், அதன் பொருள் எனக்குப் புரியவில்லை என்றும், குழுவின் விதிகளின்படியே அதை நீக்கினேன் என்றும் இதனால் தெரிவிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, அடியில் என் பழைய பதவியையும் எழுதினேன்.

அவள் போன பிறகு சத்தியதாஸ் கேட்டார். "ராஜி, அந்தப் பிள்ள அப்படி எழுதினப்பம் உனக்கு ஒண்ணும் தோணல்லியா?"

"என்ன தோணணும்? ஒரு எழுத்தும் நாலு புள்ளியும். அதுல என்ன தோணும்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்காண்டாம். நீங்க உங்களுக்க ஆணியை எண்ணுங்கோ."

அவருக்கு என் கோபம் பழக்கம். டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அடுக்களையில் ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவினேன்.

ஆகஸ்டில் என்னைக் கூப்பிட்டார்கள். வஞ்சியூரில், கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடும்ப ஆலோசனை மையம். இரண்டு பக்கத்தையும் விசாரித்து அங்கே இருக்கிற கவுன்சலர் அறிக்கை கொடுக்க வேண்டும். தீர்ப்பு வருகிறவரை ஜினு யாரிடம் இருப்பது என்பதை அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். என் கடிதம் அதில் சேர்ந்திருக்கிறது. எழுதினவர் நேரில் வந்து உறுதி சொல்ல வேண்டும்.

பத்தரைக்கு வரச்சொல்லியிருந்தார்கள், நான் பத்துக்கே போய்விட்டேன். வராந்தாவில் நீளமான பெஞ்சு. அதில் ரெம்யாவும் அவள் அப்பாவும் இருந்தார்கள். குழந்தை பெஞ்சுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, மறுபடி இந்தப் பக்கம் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் ரெம்யா எழுந்து வந்துவிட்டாள். மெலிந்து, எலும்பு தெரிந்தது.

"ஆன்டி எப்ப வந்தீங்க? இரிங்க."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் தலையைத் திருப்பி வலதுபக்கத்தைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் சொல்லுங்க ஆன்டி. அந்தக் காது கேக்காது."

"லெட்டரு... நான் எழுதினது..." என்றேன்.

"வாசிச்சேன். ஆன்டி எழுதினது உள்ளதுதானே? நான் அதுல ஒண்ணும் தெளிவா எழுதல்லியே. பின்னே ஆன்டிக்கு எப்படி மனசிலாவும்?" என்று என் கையைத் தொட்டாள். "எங்க அம்மா சொல்லுவா, எங்க ஊரு சபையிலயும் வெறும் பேப்பர் போட்டா ஜெபிப்பினும்னு. அந்த ஓர்மையில எழுதிட்டேன். தப்பு எனக்குத்தான். ஆன்டி விஷமிக்காண்டாம், மனசு வருத்தப்படாண்டாம்."

"அடுத்த வாரம் எழுதினியே, அது?"

"அது மாமி சொல்லச் சொல்ல எழுதினது. விபின் பக்கத்துல நின்னான்."

இதையும் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் சொன்னாள். அவள் என்மேல் ஒரு வார்த்தை கோபப்பட்டிருந்தால், என் குணத்துக்கு நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். அவள் எனக்காகப் பரிந்து பேசினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கவுன்சலர் ஜானவி கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழிலேயே பேசலாம் என்றாள். ஒரு பக்கம் விபினும் பிந்துவும், மறுபக்கம் ரெம்யாவும் அவள் அப்பாவும். விபின் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஸ்தோத்திரம் ஆன்டி" என்றான். பிந்து எனக்குப் பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டாள்.

ஜானவி கடிதத்தை முழுக்க வாசித்தாள். "இது நீங்கள் எழுதினதுதானே மேடம்?"

"ஆமா."

"இதில் மாற்ற ஏதாவது உண்டா?"

அந்தக் கடிதத்தில் மாற்ற ஒன்றுமே இல்லை, அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தேன். பிந்து என் முழங்கையை லேசாக அழுத்தினாள். ரெம்யா வலதுகாதைத் திருப்பிவைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து மேசை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"மேடம்?" என்றாள் ஜானவி. "அந்த மெசேஜைப் பார்த்தப்போ உங்களுக்கு என்ன தோணித்து?"

"ஒரு வரி பொய்" என்றேன்.

"எது?"

"புரியவில்லை என்று எழுதியிருக்கேனே, அது. எனக்குப் புரிஞ்சுது."

பிந்துவின் கை என் முழங்கையிலிருந்து விலகியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று தெரியும்.

அந்தச் செய்தி வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்தோம். ரெம்யா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் என் தட்டைக் கொண்டுபோனேன். அவளுடைய சட்டைக் கை நனைந்து மேலே ஏறியிருந்தது. முழங்கைக்கு மேலே, ஒரு ஆணின் நான்கு விரல்களும் பதிந்து கறுத்துக் கிடந்தன. "என்ன பிள்ளே இது?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிந்து உள்ளே வந்தாள். ரெம்யா கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் பிந்துவிடம், "இன்னைக்குக் கஞ்சிக்கு உப்பு கூடிப்போச்சு" என்றேன். பிந்துவையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து அந்தச் செய்தி வந்தது. இரண்டு தடவை வாசித்தேன் என்றேனே, முதல் தடவையே ஆர் என்றால் அவளேதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் புள்ளிகளில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது. புரிந்தது என்று காட்டிக்கொண்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். பிந்துவிடம் பேச வேண்டும், விபினைக் கேட்க வேண்டும், சபையில் சண்டை வரும், இருபது வருஷச் சிநேகம் போகும். புரியவில்லை என்று எழுதிவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். அதனால் அவளுக்கு எழுதத் தெரியவில்லை என்று எண்பத்துநான்கு பேருக்கு முன்னால் சொன்னேன்.

இவ்வளவையும் அப்படியே சொன்னேன். ஜானவி எழுதிக்கொண்டே வந்தாள். விபின் எழுந்து, "இவங்களுக்கு வயசாயாச்சு, என்னமோ பறையினும்" என்றான். ஜானவி அவனை உட்காரச் சொன்னாள்.

"இதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

எழுதினேன். நாலு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டிவந்தது. படித்துப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன்.

தீர்ப்பு வருகிறவரை குழந்தை தாயோடு இருப்பதுதான் சரி என்று அறிக்கை கொடுக்கப்போவதாக ஜானவி எங்கள் எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். ரெம்யாவின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிந்து என் பக்கம் பார்க்காமல் எழுந்து, "நீ எனக்க மோனைக் கொன்னுட்டியே அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவள் அப்படிச் சொல்வாள் என்று தெரிந்துதானே சொன்னேன்.

வராந்தாவுக்கு வந்தபோது ரெம்யாவின் அப்பா ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். அவளுடைய வலதுபக்கமாகப் போய் நின்றேன். மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் போனேன். ஆபீசில் எத்தனை கடிதத்துக்கு வாசகம் சொல்லிக்கொடுத்திருப்பேன், அங்கே எனக்குக் குழந்தையின் சட்டை நுனியை இழுத்துவிடத்தான் தெரிந்தது.

அவள்தான் கேட்டாள். "ஆன்டிக்கு அப்பமே தெரியும், அல்லே?"

"தெரியும் மக்ளே."

"அன்னைக்கு ராத்திரி நான் அதைத் திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்தேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "வேற எப்படி எழுதியிருந்தா ஆன்டிக்கு மனசிலாயிருக்கும்னு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு எழுதத் தெரியாததுனாலதான் இவ்வளவும் ஆச்சுன்னு நினைச்சிருந்தேன்."

ஜீப் படியருகே வந்து நின்றது. அவள் குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஏறி, கேட்காத இடதுகாது என் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.